கோழிப்பண்ணை: முதல் குஞ்சு இறக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கோழிப்பண்ணை வைக்க எவ்வளவு ஆகும், எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் எல்லோரும் ஒரு தொகையைச் சொல்வார்கள். அந்தத் தொகை இரண்டு மாதம்கூடத் தாங்காது. குஞ்சு விலை, தீவன விலை, கறி விலை மூன்றும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு ஏறி இறங்குவதில்லை. ஆனால் 2.2 கிலோ எடைக்கு வர ஒரு கறிக்கோழி எவ்வளவு தின்னும் என்பது எங்கே வளர்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இந்தக் கட்டுரையில் எல்லாச் செலவையும் தீவனத்தால் அளக்கிறோம். ஒரு கிலோ தீவனத்தின் விலை 1 அலகு. இங்கே வரும் எண்களை உங்கள் பகுதியின் தீவன விலையால் பெருக்கினால் உங்கள் பணக்கணக்கு வந்துவிடும்.

எந்தக் கோழி?

புதியவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. கறிக்கோழி (பிராய்லர்) 35 முதல் 42 நாளில் விற்பனைக்கு வரும். தவறு செய்தால் இரண்டு மாதத்துக்குள் தெரிந்துவிடும், அடுத்த பேட்ச்சில் (ஒன்றாக இறக்கி ஒன்றாக விற்கும் கோழிக் கூட்டம்) திருத்தலாம். முட்டைக்கோழி (லேயர்) 18 முதல் 20 வாரம்வரை ஒரு முட்டைகூடத் தராமல் தின்னும். பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் தினமும் வரவு தரும். நாட்டுக்கோழி நோயைக் கொஞ்சம் தாங்கும், விலையும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கொட்டகையில் அடைத்து முழுத்தீவனம் போட்டால் 1.3 கிலோ எடைக்கு வர 100 நாள் பிடிக்கும், 4 கிலோவுக்கு மேல் தின்னும். குஞ்சு, இறப்பு, கூலி எல்லாம் சேர்த்தால் அதன் உயிர் எடைக் கிலோ அடக்கவிலை தீவன விலையைப்போல் ஐந்தரை மடங்குக்கு வந்து நிற்கும். அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் "நாட்டுக்கோழி என்றால் லாபம்" என்று இறங்கியவர்கள்தான் 150 நாள் கோழியைத் தீவனம் போட்டுக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

கற்றுக்கொள்ளக் கறிக்கோழியே ஏற்றது. கணக்கை அதில் விரிவாகப் பார்ப்போம்.

1000 குஞ்சின் கணக்கு

1000 குஞ்சு இறக்கி, 5 சதவீதம் செத்து, மீதி 950 கோழி சராசரி 2.2 கிலோவில் விற்றதாக வைத்துக்கொள்வோம். மொத்த உயிர் எடை 2090 கிலோ. பண்ணைக்குள் வந்த தீவனத்தை விற்ற எடையால் வகுத்தால் கிடைப்பது தீவன மாற்று விகிதம். நன்றாகப் பார்த்துக்கொண்ட திறந்தவெளிக் கொட்டகையில் 1.65 கிடைக்கும். அப்படியானால் தீவனம் 3450 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 69 மூட்டை.

தீவனம்: 3450 அலகு
குஞ்சு (ஒன்று 1 அலகு என்று வைத்தால்): 1000
தடுப்பூசி, மருந்து, கிருமிநாசினி: 150
தரையில் பரப்பும் கூளம், புரூடிங் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும்) வெப்பம், மின்சாரம்: 180
கூலி: 250
கொட்டகை, சாமான் தேய்மானமும் வட்டியும்: 220
மொத்தம்: 5250 அலகு

இதை 2090 கிலோவால் வகுத்தால் 2.51 வரும். பண்ணை வாசலில் உயிர்க்கோழி கிலோ விலை, தீவனக் கிலோ விலையைப்போல் இரண்டரை மடங்கு இருந்தால் போட்ட பணம் திரும்பி வரும். அதற்கு மேல் வருவதுதான் லாபம். உங்கள் பகுதியின் கடந்த ஓராண்டு விலைகளை வாரவாரியாக எடுத்து இந்த மடங்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டில் பாதி நாள் இரண்டரைக்குக் கீழே இருந்தால், சொந்தமாக வளர்த்து விற்கும் திட்டத்தை அங்கேயே நிறுத்தலாம். குஞ்சு விலை மட்டும் இடத்துக்கு இடம் அதிகம் வேறுபடும். அந்த வரியில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேய்மானம் என்ற வரியைப் புதியவர்கள் அநேகமாக விட்டுவிடுவார்கள். கொட்டகைக்கு 9000 அலகு ஆகி 15 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 600. சாமானுக்கு 1500 ஆகி 5 ஆண்டு உழைத்தால் 300. இந்த முதலீட்டில் பாதிக்கு 8 சதவீத வட்டி போட்டால் 420. ஆக ஆண்டுக்கு 1320, ஆறு பேட்ச்சுக்குப் பங்கிட்டால் 220. 40 நாள் வளர்ப்பு, 15 நாள் சுத்தம் என்று 55 நாளுக்கு ஒரு பேட்ச் போனால் ஆண்டுக்கு ஆறு பேட்ச் வரும். ஏழு, எட்டு என்று எழுதிக்காட்டும் திட்ட அறிக்கைகளில் சுத்தம் செய்யும் நாளைச் சுருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இப்போது ஓர் ஆண்டைப் பார்க்கலாம். ஐந்து பேட்ச் 2.7 மடங்கு விலைக்கு விற்றால் பேட்ச்சுக்கு 393 அலகு மிஞ்சும், ஐந்துக்கும் சேர்த்து 1965. ஆறாவது பேட்ச் விலைச்சரிவில் மாட்டி 2.1 மடங்குக்குப் போனால் 861 அலகு நஷ்டம். இரண்டு நல்ல பேட்ச்சின் லாபத்தை ஒரு கெட்ட பேட்ச் விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கிறது. ஆண்டு முடிவில் கையில் இருப்பது 1104.

கொட்டகை, சாமானுக்கு 10,500, பேட்ச் ஓட்டக் கையிருப்பு சுமார் 10,000 என்று 20,000 அலகுக்கு மேல் முதல் போட்டதற்கு இது சொற்பம்தான். கூலி 250ஐ நீங்களே உழைத்து எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு இன்னொரு 1500 சேரும். ஒரு ஆள் நிப்பிள் (கொத்தினால் தண்ணீர் சொட்டும் முனை) குடிநீர் அமைப்போடு 4000 முதல் 5000 கோழிவரை பார்த்துக்கொள்ள முடியும். அந்த அளவில் 1000 கோழிக்கான கூலி 250இலிருந்து 100க்கு இறங்கும். அதே விலைகளில் 1000 கோழிக்கு ஆண்டு மிச்சம் 2000ஐத் தொடும். 1000 கோழி தொழில் பழகுவதற்கான அளவு. குடும்பம் நடத்த 4000, 5000 வேண்டும். ஆனால் முதல் பேட்ச்சிலேயே 5000 இறக்குவது அறிவீனம்.

கையிருப்பு பற்றி ஒன்று. கொட்டகை கட்டி முடித்தபின் இரண்டு பேட்ச்சை முழுவதும் ஓட்டும் அளவு, அதாவது சுமார் 10,000 அலகு, தனியாக இருக்க வேண்டும். கட்டடத்துக்கே எல்லாவற்றையும் போட்டவர் தீவனத்தைக் கடனில் வாங்குவார். கடன் தீவனம் மூட்டைக்கு மூட்டை விலை கூடுதல். சில இடங்களில் கடன் கொடுத்தவரே கோழியையும் விலை பேசுவார்.

லாபம் எங்கே ஒழுகுகிறது

தீவன மாற்று விகிதம் 1.65இலிருந்து 1.85 ஆனால் 418 கிலோ தீவனம் கூடுதலாகப் போகும். நல்ல பேட்ச்சின் மொத்த லாபமே 393தான். விகிதம் கெடக் கோழி அதிகம் தின்பது மட்டும் காரணமில்லை. தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் மூக்கால் கொத்திக் கூளத்தில் சிந்தும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கும்படி வாரம் இருமுறை ஏற்றிக் கட்ட வேண்டும். 3 சதவீதம் சிந்தினாலே இரண்டு மூட்டை போய்விடும். எலி வேறு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இரவில் குளிர்ந்து நடுங்கும் குஞ்சு தின்றதை எடையாக்காமல் உடல் சூட்டுக்கே செலவழிக்கும்.

இறப்பில் எத்தனை என்பதைவிட எப்போது என்பது முக்கியம். ஐந்தாம் நாள் செத்த குஞ்சால் நஷ்டம் 1.1 அலகு. முப்பத்தைந்தாம் நாள் சாகும் கோழி 3 கிலோவுக்கு மேல் தின்றிருக்கும், நஷ்டம் 4 அலகைத் தாண்டும். 50 கோழி என்றால் 55க்கும் 215க்கும் உள்ள வித்தியாசம். கடைசி இரண்டு வாரத்தில் வெப்பத்தால் விழும் சாவுகள்தான் கணக்கைக் கவிழ்ப்பவை. "மொத்தமே 6 சதவீதம்தானே" என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

கொட்டகையும் சாமானும்

திறந்தவெளிக் கொட்டகையில் கோழிக்கு ஒன்று முதல் ஒன்றேகால் சதுர அடி தேவை. 1000 கோழிக்கு 24 அடி அகலம், 50 அடி நீளம் போதும். நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் பக்கவாட்டில் உள்ளே அடிக்காது. அகலம் 30 அடியைத் தாண்டினால் நடுவில் காற்று நிற்கும். அங்கே அம்மோனியா தேங்கும். பக்கச்சுவர் ஓர் அடி, அதற்கு மேல் கூரைவரை கம்பி வலை. கூரை விளிம்பு 3 முதல் 4 அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாரல் கூளத்தை நனைக்காது. தரை சுற்றுப்புறத்தைவிட ஓர் அடி உயரமாக, சிமென்டு பூசியதாக இருக்கட்டும். மண் தரையில் எலி வளை தோண்டும். போன பேட்ச்சின் கிருமியும் அதில் தங்கும். இடம் வாங்கும் முன் குடியிருப்பிலிருந்து விட வேண்டிய தூரம், உள்ளாட்சி அனுமதி, மின் இணைப்பு வகை மூன்றையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டியபின் நாற்றம் என்று புகார் வந்தால் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

1000 கோழிக்கு 20 முதல் 25 தொங்கும் தீவனத் தொட்டி, 90 முதல் 100 நிப்பிள், 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, முதல் வாரத்துக்குக் குஞ்சுத் தட்டும் குஞ்சுக் குடுவையும் 50க்கு ஒன்று வீதம், பக்கத் திரை, தராசு. மின்சாரம் அடிக்கடி போகும் இடமாக இருந்தால் மாற்று ஏற்பாட்டையும் இந்தப் பட்டியலில் எழுதுங்கள். கூளத்துக்கு நெல் உமி, மரச்சீவல், கடலைத்தோல் எது மலிவோ அது. 5 சென்டிமீட்டர் பரப்ப உமி ஏறக்குறைய 600 கிலோ பிடிக்கும். பொடியான மரத்தூள் வேண்டாம். குஞ்சு அதைத் தின்னும், மூச்சுக்குழாயிலும் போகும்.

முதல் ஏழு நாள்

பேட்ச்சின் விதி இங்கேதான் எழுதப்படுகிறது. குஞ்சு வரும் முன் 24 மணி நேரமாவது கொட்டகை சூடாகி இருக்க வேண்டும். காற்று மட்டும் சூடாகிக் கூளம் சில்லென்று இருந்தால் குஞ்சின் கால் குளிர்ந்து, ஓர் ஓரமாக ஒடுங்கிவிடும். தீவனத்திடம் போகாது.

500 குஞ்சுக்கு மூன்றரை மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம், ஒன்றரை அடி உயரத் தகடு அல்லது அட்டைத் தடுப்பு. குஞ்சு உயரத்தில் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ். வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பல்பு என்றால் குஞ்சுக்கு 1 வாட், குளிர் நாளில் 2 வாட். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சு நேர்மையாகச் சொல்லும். விளக்கடியில் குவிந்து கிடந்தால் குளிர். தடுப்பை ஒட்டி வாய் பிளந்து நின்றால் சூடு. ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று நுழைகிறது. வட்டம் முழுக்கப் பரவி மேய்ந்தால் சரி. மூன்றாம் நாளிலிருந்து வட்டத்தைப் பெரிதாக்கி, ஏழு முதல் பத்து நாளுக்குள் தடுப்பை எடுத்துவிடலாம்.

முதலில் தண்ணீர், கொஞ்ச நேரத்தில் தீவனம். இறக்கிய 24 மணி நேரம் கழித்து 50 குஞ்சைப் பிடித்து கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தடவிப் பாருங்கள். நூற்றுக்கு 95க்காவது நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. காலியாக இருந்தால் வெப்பமோ தட்டின் எண்ணிக்கையோ குறைவு. அந்த இரவே திருத்த வேண்டும்.

ஏழாம் நாள் எடை 170 முதல் 190 கிராம், அதாவது வந்தபோது இருந்ததைப்போல் நான்கு மடங்குக்கு மேல். இறப்பு 1 சதவீதத்துக்குள். இது தவறினால் பின்னால் எந்த டானிக்கும் ஈடுகட்டாது. பிறகு 14ஆம் நாள் 430 முதல் 480 கிராம், 21ஆம் நாள் 850 முதல் 950 கிராம், 28ஆம் நாள் 1.4 கிலோவுக்குக் குறையாமல் வர வேண்டும். எடை போடும்போது பெரிய கோழியாகத் தேடிப் பிடிக்காதீர்கள். ஒரு மூலையை வலையால் அடைத்து உள்ளே சிக்கிய அத்தனையையும் நிறுங்கள்.

கூளம், தண்ணீர், ஊசி, வெயில்

வயதுக்கேற்ப மாற்றும் தீவனத்தில் முதலில் ப்ரீ-ஸ்டார்ட்டர் 8 மூட்டை, பிறகு ஸ்டார்ட்டர் 22, கடைசியில் ஃபினிஷர் 39 என்று போகும். மரப்பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். ஈரம் பட்ட தீவனத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். மலிவாகக் கிடைத்தது என்று மூன்று மாதத் தீவனம் சேர்த்து வைப்பதில் லாபமில்லை.

கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் மெல்ல உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. ஈரக் கூளம்தான் ரத்தக்கழிச்சலுக்கும் அம்மோனியாவுக்கும் தாய். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் கோழிக்கு அது முந்தைய நாளே எரிந்திருக்கும். ஒழுகும் நிப்பிளை அன்றே மாற்றி, நனைந்த கூளத்தை அள்ளி வெளியே போட்டு, மீதியை வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும்.

தண்ணீர், தின்னும் தீவனத்தைப்போல் இரண்டு மடங்கு. வெயிலில் மூன்று நான்கு மடங்குவரை போகும். தினமும் குடித்த அளவை எழுதிவைத்தால், நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அந்த எண் குறைந்து காட்டிக்கொடுக்கும்.

தடுப்பூசியில் வழக்கமான வரிசை: 5 முதல் 7 நாளில் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா கண்சொட்டு, 12 முதல் 14 நாளில் கம்போரோ நோய்க்கான தடுப்பூசி, 21 நாளுக்கு மேல் லசோட்டா மறுபடி. பொரிப்பகத்தில் என்ன போட்டார்கள் என்று கேட்டு, அப்பகுதிக் கால்நடை மருத்துவரிடம் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். குடிநீரில் கொடுப்பதானால் அன்று குளோரின் கூடாது. லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவே வைக்க வேண்டும். "ஊசி போட்டும் நோய் வந்தது" என்ற புகாரில் பாதி, வெயிலில் காய்ந்த குப்பியின் கதை.

கோழிக்கு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். 1.5 கிலோவைத் தாண்டிய கோழி கடும் வெயிலில் மதியம் தீவனம் தின்றால் செரிக்கும் சூடும் சேர்ந்து விழுந்துவிடும். காலை பத்து மணிக்கே தொட்டியைத் தூக்கிவிட்டு, மாலை வெயில் தாழ்ந்ததும் இறக்குங்கள். இரவு வெளிச்சத்தில் விட்டதைத் தின்றுகொள்ளும். கூரைக்கு வெள்ளை பூச்சு, கூரை மேல் தண்ணீர்த் தெளிப்பு, கொட்டகைக்குள் மின்விசிறி மூன்றும் ஒரே மதியத்தில் தங்கள் விலையை ஈட்டிவிடும்.

விற்பது

வியாபாரியைக் குஞ்சு இறக்கும் முன்பே பேசிவைக்க வேண்டும். எடை எங்கே போடுவது, யார் தராசில், பணம் எத்தனை நாளில் என்ற மூன்றும் பேச்சில் இருக்கட்டும். பிடிக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் முன் தீவனத்தை நிறுத்துவது வழக்கம். வண்டி வராமல் இழுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு மணிக்கும் எடை இறங்கும், அது உங்கள் கணக்கில்தான் விழும்.

விலை குறைந்திருக்கிறது, நான்கு நாள் வைத்திருக்கலாமா? 2.2 கிலோவில் நிற்கும் 950 கோழி ஒரு நாளில் சுமார் 170 கிலோ தின்று 88 கிலோ எடை போடும். புதிதாகச் சேரும் ஒரு கிலோவின் அடக்கம் 1.95 அலகு. விலை 2 மடங்குக்கு மேல் இருந்தால் காத்திருப்பதில் கைக்கடி இல்லை. அதற்குக் கீழே போனால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் புதிய நஷ்டம். வெயில் காலத்தில் அந்தக் கணக்கும் செல்லாது. இரண்டரைக் கிலோ கோழிகள் பத்து செத்தாலே போதும்.

விலை ஆபத்தே வேண்டாம் என்பவருக்கு ஒப்பந்த வளர்ப்பு இருக்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையது. கொட்டகை, கூலி, கூளம், மின்சாரம் நம்முடையது. கிலோவுக்கு வளர்ப்புக் கூலி தருவார்கள். மேலே உள்ள கணக்கில் நம் பங்கு 650 அலகு, கிலோவுக்கு 0.31. 5000 கோழி அளவில் 0.24. பேசும் கூலி இதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் தீவன விகிதமும் இறப்பும் எந்த அளவைத் தாண்டினால் பிடித்தம், இரண்டு பேட்ச்சுக்கு நடுவே கொட்டகை எத்தனை நாள் காலியாக நிற்கும் என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். காலிக் கொட்டகைக்கும் வட்டி ஓடும்.

முட்டைக்கோழி, சுருக்கமாக

18 வாரத்துக்கு வளர்க்க ஒரு கோழிக்கு 6 கிலோவுக்கு மேல் தீவனம். குஞ்சு, தடுப்பூசி, கூலி சேர்த்தால் 9 அலகுக்கு மேல். 1000 கோழி என்றால் முதல் முட்டைக்கு முன்பே 9000 அலகுக்கு மேல் உள்ளே போயிருக்கும். கூண்டுச் செலவு தனி. அதன்பின் நாளுக்கு 110 முதல் 115 கிராம் தின்று, 72 வாரம்வரை 300 முதல் 320 முட்டை இடும். கடைசியில் கழிவுக்கோழி விற்ற பணத்தைக் கழித்தபின் ஒரு முட்டையின் அடக்கம் 0.17 அலகு. ஒரு கிலோ லேயர் தீவனத்தின் விலைக்கு ஆறு முட்டைக்கு மேல் விற்க வேண்டியிருந்தால் அந்த ஊரில் லேயர் பண்ணை நஷ்டத்தில் ஓடுகிறது. முட்டையிடும் விகிதம் 66 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த விலையில் தீவனமே வரவு முழுவதையும் தின்றுவிடும். கழிப்பதற்கு நாள் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பேட்ச் முடிந்ததும்

பழைய கூளம் 1000 கோழிக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் தேறும், உரமாக விலை போகும். சிறு தொகைதான், ஆனால் புதுக் கூளத்தின் செலவைப் பெரும்பாலும் அடைக்கும். அதை அள்ளியபின் சோப்பு நீரால் கழுவி, காய்ந்தபின் கிருமிநாசினி தெளித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, குடிநீர்க் குழாயின் உள்ளே படிந்த வழவழப்பையும் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் தெளித்த கிருமிநாசினி வேலை செய்யாது. வயது கலந்த கோழிகளை ஒரே கொட்டகையில் வைக்காதீர்கள். எல்லாம் ஒன்றாக உள்ளே, எல்லாம் ஒன்றாக வெளியே. திடீரென்று கும்பலாகச் செத்தால் விற்கப் பார்க்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

தினமும் ஒரே நோட்டில் செத்த எண்ணிக்கை, தீவன மூட்டை, குடித்த தண்ணீர், வாரம் ஒருமுறை எடை என்று எழுதுங்கள். தொடர்ந்து மூன்று பேட்ச்சில், அதில் ஒன்றாவது வெயில் கால பேட்ச்சாக இருக்க, தீவன விகிதம் 1.7க்குள்ளும் இறப்பு 5 சதவீதத்துக்குள்ளும் நின்றால் இரண்டாவது கொட்டகைக்குக் கடன் கேட்கப் போகலாம்.